அத்தியாயம் 6: சோழியும் சித்தியின் கேள்வியும் – ஆய்வுக்கட்டுரையைப் பாட்காஸ்ட் ஆக்குவது

புதுச்சேரியின் பழைய துணி வணிகம் பற்றி ஒரு கருத்தரங்குக்காக எழுதிய கட்டுரையை, ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்துப் பதிவு செய்து, முத்தியால்பேட்டையில் இருக்கும் என் சித்திக்கு அனுப்பினேன். அவர் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே போனில் கேட்டார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நான்காவது நிமிடத்தில் கை நின்றது. "ஏம்பா, முன்னவர் சொன்னதைப் பின்னவர் மறுத்தார்னு வருதே, முன்னவர் யாரு, பின்னவர் யாரு?"

கட்டுரையில் அந்த இரண்டு பெயர்களும் மூன்று வரி மேலேயே இருந்தன. அச்சில் படிப்பவர் கண்ணை மேலே ஓட்டிப் பார்த்துக்கொள்வார். சித்திக்கு அந்த மூன்று வரியும் போய்விட்டன. கையெல்லாம் வாழைப்பூக் கறை, போனைத் தொட்டுப் பின்னால் தள்ளவும் வழியில்லை. கேட்பவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் கேட்கிறார்கள்: சமைத்துக்கொண்டு, பேருந்தில் தொங்கிக்கொண்டு, கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டு. அவர்களுக்கு ஓர் ஆய்வைக் கொண்டுசேர்க்க விரும்பினால், கட்டுரையை வாசித்துக் காட்டினால் போதாது. அது சொல்லும் விஷயத்தை முதலிலிருந்து வேறு வரிசையில் கட்ட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஒரே ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு காட்டுகிறேன்.

எந்தக் கட்டுரை

எல்லா ஆய்வும் குரலுக்கு வராது. வாதம் முழுவதும் அட்டவணையிலோ எழுத்து வடிவப் படத்திலோ இருக்கிறதென்றால் அதை அச்சிலேயே விட்டுவிடுங்கள். நான் தேடுவது ஓர் ஆளையும், அவர் கையால் செய்கிற ஒரு வேலையையும். அடிக்குறிப்பில் ஒரே ஒரு வரியாக ஒளிந்திருந்தாலும் போதும்.

பிரௌன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஓட்டோ நொய்கபவர் 1952இல் 'ஆஸிரிஸ்' என்ற ஆய்விதழில் 'தமிழ் வானியல்' என்று ஒரு கட்டுரை எழுதினார். பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும் கிரேக்கப் பாபிரஸ்களிலும் உள்ள வானியல் கணக்குகளைப் படிப்பதில் அவருக்கு இணையானவர்கள் மிகச் சிலர். அவருடைய கட்டுரை சூத்திரங்களும் எண் வரிசைகளும் நிறைந்தது. பொது வாசகர் இரண்டு பக்கம் தாண்ட மாட்டார். ஆனால் அதன் வேர் நம் ஊரில் இருக்கிறது. ஜான் வாரன் என்பவர் 1825இல் சென்னையில் 'கால சங்கலிதா' என்ற பெரிய நூலை வெளியிட்டார். தென்னிந்தியாவில் காலத்தைக் கணக்கிடும் முறைகளைத் திரட்டிய நூல் அது. அதில், புதுச்சேரியில் வசித்த ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் பதிவு செய்திருக்கிறார். கணக்குக்கு வேண்டிய அட்டவணைகள் அவர் முன்னால் எந்த ஏட்டிலும் இல்லை. சொற்களாகவும் அசைகளாகவும் அவர் மனப்பாடத்தில் இருந்தன. 1825 மே 31 – ஜூன் 1 இரவுக் கிரகணத்துக்கு அவர் சொன்ன நேரம் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது. பிசகு எவ்வளவு என்பதைவிட நொய்கபவரை ஈர்த்தது வேறு. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளின் பாபிலோனிய ஏடுகளிலும், ரோமானியர் காலத்து எகிப்தின் பாபிரஸிலும், ஆறாம் நூற்றாண்டு இந்திய வானியலாளர் வராகமிகிரரிடமும் காணப்படும் கணக்கு மரபு 1825இல் இங்கே ஒரு மனிதரின் நினைவில் உயிரோடு இருந்தது என்பது அவருடைய முடிவு.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, இந்தக் கதையை அதுவரை நான் ஒருவர் வாயிலும் கேட்டதில்லை.

கட்டுரை முடிகிற இடம், பேச்சு தொடங்குகிற இடம்

ஆய்வுக்கட்டுரை தன் முடிவை முதல் பத்தியிலேயே சொல்லிவிடும். பிறகு முன்னோடிகள், பிறகு முறை, பிறகு சான்று. சக ஆய்வாளருக்கு அது வசதி. அவர் தனக்கு வேண்டிய பகுதிக்கு நேராகப் போய்விடுவார். காதால் கேட்பவர் அப்படிப் போக முடியாது. அவரை நீங்கள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு செய்தியும் அது தேவைப்படுகிற நொடியில் வர வேண்டும். பாபிலோன் கடைசியில் வரட்டும். முதலில் சோழி.

ஆய்வுநடையில் இப்படி இருக்கும்:

"1825ஆம் ஆண்டு மே 31 – ஜூன் 1 இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் தொடக்கம், இடைநிலை, முடிவு ஆகியவற்றைப் புதுச்சேரியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் வாக்கிய முறையில் கணித்தளித்ததாக வாரன் பதிவு செய்துள்ளார், பிழை முறையே 4, 23, 52 நிமிடங்களாக அமைந்தது."

பிழையற்ற வாக்கியம். ஆனால் 'முறையே' என்ற சொல்லைக் காதால் பின்தொடரவே முடியாது. மூன்று எண்களையும் மூன்று நிலைகளையும் மனதில் அடுக்கிப் பொருத்துவதற்குள் அடுத்த வாக்கியம் ஓடிவிடும். நான் எழுதிய பேச்சுப் படி இது:

"ஆயிரத்து எண்ணூத்தி இருபத்தஞ்சு. நம்ம பாண்டிச்சேரி. ஜான் வாரன்னு ஒருத்தர். வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடறது அவருக்கு வேலை. அவருக்கு ஒரு பஞ்சாங்கக்காரர் கணக்குப் போட்டுக் காட்றார். எதை வெச்சு? சோழி. (சோழி தரையில் விழும் ஓசை.) தரையில சோழியை வைக்கிறார், எடுக்கிறார், மாத்தி வைக்கிறார். பக்கத்துல அட்டவணை கிடையாது. அட்டவணை பூரா அவர் மனசுல இருக்கு, சொல்லு சொல்லா. அந்த வருஷம் மே மாசக் கடைசி ராத்திரி ஒரு சந்திர கிரகணம். எப்ப பிடிக்கும், எப்ப விடும்னு சொல்றார். பிடிச்ச நேரத்துல அவர் கணக்கு நாலே நாலு நிமிஷம்தான் தவறுச்சு. விட்ட நேரத்துல தவறு ஜாஸ்தி: அம்பத்திரண்டு நிமிஷம். அது ஏன்னு அப்புறம் வரேன். இப்ப அந்தச் சொல்லுங்களைப் பார்ப்போம்."

இதில் நான் செய்தவற்றைச் சொல்கிறேன். நடு எண்ணை, 23ஐ, விட்டுவிட்டேன். காது இரண்டு எண்ணைத் தாங்கும், மூன்றாவது வந்தால் மூன்றும் போகும். விட்டதை எபிசோடுக்குக் கீழே வரும் குறிப்பில் எழுதிவிடுகிறேன். 52ஐ மட்டும் விடவே கூடாது. 'நாலே நிமிஷம்' என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் சிலிர்த்துப் போவார். நம் முன்னோர் பெருமை என்று பத்துப் பேருக்கு அனுப்புவார். ஆனால் அது பாதி உண்மை. நம் ஊர்ப் பெருமையை நாமே பாதி உண்மையில் கட்டினால், வேறொருவர் வந்து மீதியைச் சொல்லும் நாளில் அந்தப் பஞ்சாங்கக்காரரின் உண்மையான திறமையும் சேர்ந்து சரியும்.

இன்னொன்று. 'திண்ணையில் உட்கார்ந்து' என்று எழுதக் கை துறுதுறுத்தது. காலை வெயில், வேப்பமர நிழல், ஓரத்தில் ஒரு செம்பு நீர் என்று எல்லாம் மனக்கண்ணில் வந்தன. வாரன் சொல்லியிருப்பது 'தரையில்' என்பது மட்டுமே. அதற்கு மேல் ஒரு மரத்தைக்கூட நான் நடவில்லை. சோழியின் ஓசையைச் சேர்த்தேன், ஏனென்றால் சோழியும் தரையும் சான்றில் இருக்கின்றன. குயில் கூவலைச் சேர்க்கவில்லை.

அச்சால் முடியாதது

இப்போது மனதில் இருந்த சொற்கள். ஆய்வுக்கட்டுரைகளில் இதை விளக்க ஓர் அட்டவணை தேவைப்படும்: கடபயாதி. க, ட, ப, ய என்ற நான்கு எழுத்துக்கும் மதிப்பு ஒன்று; அங்கிருந்து வரிசையாக ஒவ்வொரு மெய்க்கும் ஓர் எண். ஒரு சொல்லைச் சொன்னால் அதற்குள் ஓர் எண் இருக்கும். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். எழுத்தில் இதை விளக்கிப் பாருங்கள், வாசகர் கொட்டாவி விடுவார். குரலில் உங்களிடம் ஒரு சாவி இருக்கிறது, கர்நாடக இசை.

சங்கீதம் கற்கப்போன எந்தக் குழந்தையும் முதலில் பாடுவது மாயாமாளவகௌளை. அதன் முதல் இரண்டு எழுத்து மா, யா. 'ம' என்றால் ஐந்து, 'ய' என்றால் ஒன்று. திருப்பிப் போட்டால் 15. எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களில் அது பதினைந்தாவது. கல்யாணியின் முழுப்பெயர் மேசகல்யாணி: 'மே' ஐந்து, 'ச' ஆறு, திருப்பினால் 65. அறுபத்தைந்தாவது மேளம். ஆரோகணத்தை ஒருமுறை பாடிவிட்டு இதைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் விஷயம் இறங்கிவிடும். அந்த ராகத்தில் அமைந்த சினிமாப் பாட்டைத் துண்டாக வெட்டிப் போட்டுவிடாதீர்கள். அதற்கு உரிமைக்காரர்கள் உண்டு. நீங்களே பாடுங்கள், அல்லது வீட்டில் பாடத் தெரிந்த ஒருவரைப் பாடச் சொல்லுங்கள்.

ராகங்களுக்குப் பயன்பட்ட அதே வழியில்தான் சந்திரனின் நிலைகளும் சொற்களில் பொதியப்பட்டன. சந்திரன் வானில் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. வேகம் கூடிக் குறைந்து பழைய இடத்துக்கு வர ஏறத்தாழ இருபத்தேழரை நாள். இப்படி ஒன்பது சுற்று சேர்ந்தால் கிட்டத்தட்ட மிகச் சரியாக 248 நாள். அதனால் 248 நாளுக்கு 248 சொற்றொடர்; அவற்றுக்கு 'வாக்கியம்' என்று பெயர். பாபிலோனியரிடமும் இதே 248 இருக்கிறது. நொய்கபவரின் வாதம் நிற்கும் கால்களில் அது ஒன்று. இந்த இடத்தில் கேட்பவரின் வீட்டுக்குள் போய்விடலாம். மாட்டியிருக்கும் பஞ்சாங்கத்தைப் பாருங்கள், வாக்கியப் பஞ்சாங்கம் என்றோ திருக்கணிதப் பஞ்சாங்கம் என்றோ போட்டிருக்கும். சனிப்பெயர்ச்சி வரும்போதெல்லாம் இரண்டு தேதி சொல்கிறார்களே, அந்தக் குழப்பத்தின் ஒரு பக்கம் இந்த வாக்கியங்கள். பழைய வாக்கியம் சொல்லும் கணக்குக்கும் இன்று வானில் காண்பதற்கும் இடைவெளி விழுந்திருக்கிறது. ஐம்பத்திரண்டு நிமிடப் பிசகைப் பற்றி 'அப்புறம் வரேன்' என்று சொன்ன வாக்கை இங்கே காப்பாற்றலாம்: சொற்கள் அப்படியே காக்கப்பட்டன, வானத்தைப் பார்த்து அவற்றைத் திருத்துவது வேறு வேலை.

பெயரை எப்படிச் சொல்வது

அச்சில் வராத ஒரு சிக்கல் மைக் முன்னால் வந்தது. அந்தப் பஞ்சாங்கக்காரரின் பெயரை வாரன் ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார். அதை எழுத்துக்கூட்டி வாசித்தால் 'சாமி நாடென் சஷியா' என்பதுபோல வருகிறது. கட்டுரை எழுதுபவர் அந்த எழுத்துகளை அப்படியே பெயர்த்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். நான் வாயைத் திறந்து ஏதாவது ஓர் ஒலியை எழுப்பியாக வேண்டும். சாமிநாதன் சேஷய்யா என்று நம் காதுக்கு இதமாக மாற்றிக்கொள்ள ஆசைதான். ஆனால் நானாகச் சூட்டும் பெயர் ஐந்து பேர் பகிர்ந்தவுடன் வரலாறாகிவிடும். எபிசோடில் நான் செய்தது: வாரன் எழுதியபடி ஒருமுறை வாசித்தேன், 'ஆங்கிலக் காதில் விழுந்த தமிழ்ப் பெயர் இது' என்று ஒரு வாக்கியம் சொன்னேன், அதன்பின் 'பஞ்சாங்கக்காரர்' என்றே அழைத்தேன், அவர் என்ற மரியாதையோடு.

அந்த மரியாதை தானாக வராது. வாரனின் குறிப்பில் ஒரு மேட்டிமை உண்டு: இவருக்கு வானியல் கோட்பாடு ஒன்றும் தெரியாது, நல்ல நினைவாற்றல் மட்டும் இருக்கிறது என்ற தொனி. கட்டுரையில் அது மேற்கோள் குறிக்குள் இருக்கும். படிப்பவருக்கு அது யாருடைய பேச்சு என்று தெரியும். காதுக்கு மேற்கோள் குறி கேட்காது. உங்கள் குரலில் வந்தால் அது உங்கள் கருத்து. அதனால், 'வாரன் இவரைப் பற்றி என்ன நினைச்சார்னா' என்று முதலில் சொல்லிவிட்டு, முடித்ததும் 'இது வாரனோட பார்வை' என்று வேலி போடுங்கள். இன்னும் நல்லது, அந்த இடத்தை வேறொருவர் குரலில் பதிவு செய்வது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை (1736 முதல் 1761 வரை அவர் எழுதியது) மேற்கோள் காட்டும் கட்டுரைகளுக்கும் இதே வழிதான். பிள்ளைக்கு என்று ஒரு குரல் வைத்துவிட்டால் 'என்று குறிப்பிடுகிறார்' என்பதைப் பத்து முறை சொல்ல வேண்டியதில்லை.

எந்தத் தமிழ்

தமிழில் பாட்காஸ்ட் செய்பவருக்கு மற்ற பல மொழிக்காரர்களைவிட வேலை கூடுதல். நமக்கு எழுத்துத் தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு. 'நிகழ்ந்துள்ளது' என்று மைக்கில் சொன்னால் செய்தி வாசிப்பு. 'நடந்திருக்கு' என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது. இரண்டையும் கலந்தடித்தால் கேட்பவர் எதிலும் நிலைகொள்ள மாட்டார்.

பேச்சுத் தமிழில் சொன்னால் ஆய்வின் கனம் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்குக் கி. ராஜநாராயணனை நினைவுபடுத்துவேன். பள்ளிப் படிப்பை முடிக்காத அந்தக் கரிசல்காட்டு விவசாயியைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்தது. 2021இல் மறையும்வரை இந்த ஊரில்தான் இருந்தார். நாட்டுப்புறக் கதைகளை ஏராளமாகத் தொகுத்தவர், கரிசல் வட்டாரச் சொல்லகராதி தந்தவர். கதையைச் சொல்கிற வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுத வேண்டும் என்பதில் கடைசிவரை உறுதியாக நின்றார். அவருடைய எழுத்தில் சொல்லின் துல்லியம் ஓர் இம்மியும் குறையவில்லை.

அதற்கும் முந்தைய முன்மாதிரி நம் கிராமங்களில் இருக்கிறது. திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் படிக்கிறவர் வில்லிபாரதப் பாட்டைப் பாடுவார். உடனே அதைப் பேச்சு மொழியில் விரிப்பார். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து, புரியாத இடத்தில் ஊர் உதாரணம் ஒன்றைப் போடுவார். திரும்பப் பாட்டுக்கு வருவார். மூலம் கெடுவதில்லை, கூட்டமும் கலைவதில்லை. நான் என் எபிசோடுகளை இந்த அச்சில்தான் வார்க்கிறேன். மூலச் சான்று ஒரு வரி எழுத்துத் தமிழில், பிறகு மூன்று நிமிடம் பேச்சு.

பேச்சு என்றால் உங்கள் ஊர்ப் பேச்சு. லீசேயில் (பிரெஞ்சுப் பள்ளியில்) படித்தவரையும், 'சொல்தா' (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பத்தையும் பற்றிப் பேசும்போது அந்தச் சொற்களையே சொல்லுங்கள். புதுச்சேரிக்காரருக்கு வீட்டுச் சொல், வெளியூர்க்காரருக்கு ஒரு வரி விளக்கம். சினிமாவில் கேட்டுப் பழகிய மதுரைப் பேச்சையோ கோவைப் பேச்சையோ கடன் வாங்காதீர்கள்.

ஆய்வாளர்கள் அதிகம் கவலைப்படுவது ஐயத்தைச் சொல்வது பற்றி. 'எனக் கருத இடமுண்டு', 'என்று ஊகிக்கலாம்' என்பவற்றை எடுத்துவிட்டால் பொய்யாகிவிடும், வைத்தால் இழுக்கும் என்கிறார்கள். பேச்சுத் தமிழ் இதற்கு வினை விகுதியிலேயே வழி வைத்திருக்கிறது. சான்று வலுவாக இருந்து ஊகித்தால் 'இருந்திருக்கணும்'. வலு குறைவென்றால் 'இருந்திருக்கலாம்'. ஒருவருடைய வாதம் என்றால் 'என்கிறார்'. வாய்வழி வந்த செய்தி என்றால் 'இருந்ததாம்'. இந்த 'ஆம்' மட்டும் சற்று ஆபத்தானது. குரல் கொஞ்சம் ஏறினால் 'யார் நம்புவார்' என்ற கேலி ஒட்டிக்கொள்ளும். நொய்கபவரின் பாபிலோன் வாதத்தை 'பாபிலோன்ல இருந்து வந்ததாம்' என்று சொன்னால் அவரை நையாண்டி செய்வதுபோல் ஆகும். 'பாபிலோன்ல இருந்து வந்த வழி இதுன்னு நொய்கபவர் சொல்றார்' என்று சொன்னேன். ஒவ்வொரு விகுதியையும் கட்டுரையோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்கே ஓர் இரவு ஒதுக்குங்கள். முழு வேலையிலும் ஆய்வுப் பயிற்சி மிக அதிகம் தேவைப்படும் இடம் இதுதான்.

எதை விடுவது

என் கைக்கணக்கில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல். எட்டாயிரம் சொல் கட்டுரை எண்பது நிமிடம் ஓடும். இருபது நிமிட எபிசோடுக்கு இரண்டாயிரம் சொல். முக்கால் பங்கு போக வேண்டும்.

அதில் கடினமானது, சுவையாக இருப்பதாலேயே விட வேண்டியவை. கோலார்ப் பகுதியில் தங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆங்கிலேய ஆட்சியின் தொடக்கத்திலேயே விசாரித்து அறிக்கை எழுதிய லெப்டினன்ட் வாரன் இதே வாரன்தான். சொன்னால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். நிமிர்ந்தவர்கள் சுரங்கத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பார்கள், சோழி மறந்துபோகும். விட்டேன். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து புறப்பட்டு, 1761இல் இந்த ஊர் ஆங்கிலேயர் வசம் போய்விட்டதால் கரை இறங்க முடியாமல், எட்டு ஆண்டு காத்திருந்து, 1769 ஜூன் 4 விடியலில் மேகம் மறைத்து ஏமாந்த லெ ஜாந்தியும் இங்கே தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கைக் கற்றவர். அவர் கதை கண்ணீர் வரவழைக்கும். அதற்கு முழு எபிசோட் ஒன்று தர வேண்டும். இதில் ஓரமாக ஒட்டவைப்பது அவருக்கும் நியாயமில்லை.

ஆய்வு மாறிய கதையை மட்டும் விடாதீர்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டை எடுத்துக்கொண்டால், 1945இல் அங்கே தோண்டிய மார்ட்டிமர் வீலர் அதை இந்தோ-ரோமானிய வணிகத் தளம் என்று எழுதினார். உட்புறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு போட்ட தட்டுகள் கடல் கடந்து வந்தவை என்று கருதினார். பின்னாளில் களிமண்ணை ஆராய்ந்தபோது அவை இந்தியாவிலேயே வனைந்தவை என்று தெரிந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மீண்டும் தோண்டியபோது ஊரின் வயதே இரு பக்கமும் நீண்டது. 'வீலர் தப்பு' என்று முதல் வரியில் சொல்லாதீர்கள். ஆண்டு வரிசையில், மண்வெட்டி போன வழியிலேயே கேட்பவரைக் கூட்டிப்போங்கள். அவரும் ஒருமுறை நம்பி, பிறகு மாற்றிக்கொள்ளட்டும்.

பதிவும் உரிமையும்

மின்விசிறியை நிறுத்துங்கள். மெத்தை போட்ட கட்டிலும் துணி அடைத்த திறந்த பீரோவும் இருக்கும் அறை, டைல்ஸ் போட்ட வெறும் கூடத்தைவிட மேல். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில். 'ப'வும் 'ட'வும் வெடிக்காது. ஒலியளவு −12 டெசிபல் பக்கம் ஆடட்டும், −6ஐத் தாண்ட வேண்டாம். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஆடாசிட்டி இலவசம், இந்த வேலைக்குப் போதும். விடிகாலை நல்ல நேரம், மார்கழியும் ஆடியும் தவிர. கடலோசை வேண்டுமென்றால் தனியாகப் பதிவு செய்து பின்னால் சேருங்கள். கடற்கரையில் நின்று பேசினால் காற்றுதான் பேசும்.

அச்சுப் படியில் எண்களை இலக்கத்தில் வையுங்கள், வாசிப்புப் படியில் எழுத்தால் எழுதுங்கள். 1825ஐப் பார்த்து ஒரு கணம் தயங்கினால் அந்தத் தயக்கம் கேட்கும்.

இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுவரை அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. வாரன் 1830இல் இதே புதுச்சேரியில் இறந்தவர். அவர் வாக்கியங்களைத் தாராளமாக வாசிக்கலாம். நொய்கபவர் மறைந்தது 1990இல். அவர் கண்டுபிடித்த செய்திகளையும் கருத்தையும் உங்கள் சொல்லில், அவர் பெயரைச் சொல்லி எடுத்துச்சொல்லலாம். அவர் வாக்கியங்களை நீளமாக மொழிபெயர்த்து வாசிக்க அனுமதி வேண்டும். உயிரோடு இருக்கும் ஆய்வாளரின் கட்டுரை என்றால் வாசிப்புப் படியை அவருக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் சொந்தக் கட்டுரையாக இருந்தாலும், இதழோடு போட்ட ஒப்பந்தத்தில் உரிமையை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று எடுத்துப் பாருங்கள்.

கை எங்கே நிற்கிறது

வெளியிடுவதற்கு முன் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். 'நல்லா இருக்கா' என்று கேட்காதீர்கள்; நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். அவர் வேலை செய்துகொண்டே கேட்கட்டும், நீங்கள் கையைப் பாருங்கள். குழப்பத்தில் கை நிற்கும். அக்கறையிலும் நிற்கும். முகத்தைப் பார்த்தால் எது என்று தெரியும்.

சோழி எபிசோடைச் சித்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டார். ஒன்பதாவது நிமிடத்தில், மேசகல்யாணி தாண்டியதும், கை நின்றது. "அப்ப நம்ம ஊரு பேருக்கு என்ன எண்ணுப்பா வரும்?"

புதுவை. எழுதிப் பார்த்தேன். 'பு' ஒன்று. 'வை' நான்கு. நடுவில் உள்ள 'து'வில் மாட்டிக்கொண்டேன். தமிழில் ஒரே 'த' தான். கடபயாதியிலோ வல்லோசைக்கு ஆறு, மெல்லோசைக்கு எட்டு. எழுத்தை மட்டும் பார்த்தால் 461ஆகவும் இருக்கலாம், 481ஆகவும் இருக்கலாம். "நீங்க ஒரு தடவை சொல்லுங்க சித்தி" என்றேன். புதுவை என்றார். மெல்லோசை, எட்டு. நானூற்று எண்பத்தொன்று. அவர் சொன்னதையே போனில் பதிவு செய்து, மறுநாள் அந்த ஒன்பதாவது நிமிடத்தில் சேர்த்தேன்.